வேலியடைத்த கணனி: முறைவழியாக்கிகளின் குழுப்பிரிப்புப் பற்றியொரு மறுப்புரை

கணனியின் உள்ளமைப்புச் சார்ந்த பிரச்சினைகள் பொறியியல், விஞ்ஞான பீடங்களுக்கே உரியவை என்றதோர் அபிப்பிராயம் பல்கலைக்கழக வட்டாரங்களில் நெடுநாளாக நிலவி வருகின்றது. கணனித் தொழில் நடத்துவோரும் இவ்வபிப்பிராயத்தை மறுப்பதில்லை; அஃது அவர்களுக்கு வசதியானதே. ஆயினும், ஒரு கணனியினுள்ளே வேலை செய்யக்கூடிய உறுப்புக்கள் பல இருக்கின்றன. அவற்றினும் பலவான வேலைகள் தத்தம் முறைக்குக் காத்து நிற்கின்றன. எந்த வேலையை எந்த உறுப்பிடம் ஒப்படைப்பது என்ற வினா ஒவ்வொரு செக்கனிலும் பன்முறை எழுகின்றது. இதனை அறிந்த மாத்திரத்தே, அது வெறும் பொறியியல் வினா அன்று என்பது புலனாகும். பங்கீடு நடைபெறும் இடமெங்கும், பங்கிடுபவர் யார், அவர் கைக்கொள்ளும் அளவுகோல் யாது, அவ்வளவுகோலின் கீழ் மறைந்து போவது எது என்னும் கேள்விகள் எழுந்தே தீரும். பொருளியலும் அரசறிவியலும் பயில்வோர் இக்கேள்விகளைக் காணிப் பங்கீடு பற்றியும் பல்கலைக்கழக அனுமதி பற்றியும் தயங்காது கேட்கின்றனர். கணனியைப் பற்றி மாத்திரம் கேட்கலாகாது என்பதற்கு நியாயம் எதுவுமில்லை.

சொற்களை முதலில் வரையறுத்துக்கொள்வது நன்று. இயங்கிக்கொண்டிருக்கும் நிலையிலுள்ள நிகழ்ச்சித்திட்டம் முறைவழி எனப்படும். அதன் கட்டளைகளை நிறைவேற்றும் உறுப்பு முறைவழியாக்கி. ஒரே சில்லில் 'கோர்' என்னும் பெயரில் இன்று அடுக்கப்பட்டிருப்பனவும் முறைவழியாக்கிகளே. முறைவழிகளை முறைவழியாக்கிகளிடையே பகிர்ந்தளிப்பது பணிசெயல் முறைமையின் கடமை. இதனை இரு வழிகளிற் செய்யலாம். எல்லா முறைவழிகளையும் பொது வரிசையொன்றில் நிறுத்தி, ஓய்வாயுள்ள முறைவழியாக்கி எதுவோ அது அடுத்து நிற்பதை ஏற்கும்படி விடுதல் ஒரு வழி. முறைவழியாக்கிகளைக் குழுக்களாகப் பிரித்து, இன்ன முறைவழி இன்ன குழுவிலேயே இயங்கவேண்டும் எனக் கட்டிவைத்தல் மற்றையது.

பின்னையதே ஒழுங்கானது, பாதுகாப்பானது, விளைவை முன்கூட்டியே கணித்துச் சொல்லத்தக்கது என வாதிடுவோர் பலர். மறுக்கப்பட வேண்டியது இவ்வாதமே. குழுப்பிரிப்பு எல்லா வேளையிலும் தவறு என்பதன்று மறுப்பின் சாரம். பொறியின் பௌதிக அமைப்பினின்றும் வேலையின் இயல்பினின்றும் எழும் குழு வேறு. நிருவாக வசதியினின்றும் உடைமை உரிமையினின்றும் எழும் குழு வேறு. முன்னையது தேவை. பின்னையது வேலி. வேலிக்கு ஒழுங்கு என்று பெயர் சூட்டி, அதனைத் தொழினுட்ப நியதி போலக் காட்டுவதே கண்டனத்துக்குரியது.

பௌதிக அமைப்பினின்று குழு எழுவது எவ்வாறு என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் பிற்ஸ்பேக் நகரிலுள்ள கார்ணேகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1970களில் உருவான இரு பொறிகள் தக்க உதாரணங்களாகும். சி.எம்.எம்.பி. என வழங்கப்பட்ட முதற் பொறியில் 16 பீ.டி.பீ.-11 கணனிகள் பெரியதோர் ஆளியின் ஊடாக 16 நினைவகக் கூறுகளுடன் இணைக்கப்பட்டிருந்தன. எந்த முறைவழியாக்கிக்கும் எந்த நினைவகக் கூறும் ஏறத்தாழச் சமதூரத்தில் இருந்தது. ஆதலால், இன்ன வேலை இன்ன இடத்திலேயே நடக்கவேண்டும் என்று சொல்வதற்கு அங்கே காரணம் இருக்கவில்லை. அதன்பின் அதே பல்கலைக்கழகத்தில் எழுந்த சி.எம். ஸ்ரார் என்னும் பொறியின் கதை வேறு. அதில் 50 சிறு முறைவழியாக்கிகள் ஐந்து கொத்துக்களாக அமைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் அருகிலேயே சொந்த நினைவகம் உண்டு. தன்னருகே இருக்கும் நினைவகத்தை நாட ஒரு பங்கு நேரம் செல்லுமாயின், தன் கொத்திலுள்ள அயலவரின் நினைவகத்தை நாட ஏறத்தாழ மூன்று பங்கும், வேற்றுக் கொத்தின் நினைவகத்தை நாட ஏறத்தாழ ஒன்பது பங்கும் சென்றன. இத்தகைய பொறியில் ஒரு முறைவழியை அதன் தரவு கிடக்கும் கொத்திலேயே இயக்குவது நியாயமானது. அதற்கு எந்த நிருவாகியின் கட்டளையும் வேண்டியதில்லை. கம்பியின் நீளமே கட்டளை.

இப்பொறிக்கென மெடூசா என்னும் பணிசெயல் முறைமையை உருவாக்கியோருள் ஒருவரான ஜோன் ஊஸ்ரர்ஹவுற், 1982இல் வெளியிட்ட ஆய்வொன்றில் இன்னொரு வகைக் குழுவைப் பற்றிப் பேசினார். ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக் கூட்டாக உழைக்கும் முறைவழிகளை ஒரே நேரத்தில் வெவ்வேறு முறைவழியாக்கிகளில் ஏற்றவேண்டும் என்பது அவர் கருத்து. ஒன்று இயங்கும்போது அதற்குப் பதில் தரவேண்டிய மற்றையது வரிசையில் நின்றால், இயங்குவது காத்திருப்பதிலேயே தன் முறையைக் கழித்துவிடும். பின்னர் காத்திருந்தது ஏறும், முன்னையது இறங்கியிருக்கும். இரண்டும் பொறியைப் பயன்படுத்தியதாகக் கணக்கு இருக்கும், வேலை நடந்திராது. ஆகவே, இவற்றைச் சேர்த்து ஏற்றிச் சேர்த்து இறக்கவேண்டும். கூட்டு முடிந்ததும் குழுவும் கலையும். இது வேலையைக் குழுவாக்குவது. நிலத்தைப் பங்கு போடுவதன்று. பிற்காலத்தார் ஊஸ்ரர்ஹவுற்றின் சொற்களை எடுத்துக்கொண்ட அளவுக்கு இவ்வேறுபாட்டை எடுத்துக்கொண்டனர் எனக் கூறமுடியாது.

நிலத்தைப் பங்கு போடும் முறை வணிகப் பொறிகளில் வேரூன்றியது 1990களிலேயே. சன் மைக்குரோசிஸ்ரம்ஸ் நிறுவனம் 1997இல் வெளியிட்ட சொலாறிஸ் 2.6இல், முறைவழியாக்கிகளைத் தொகுதிகளாகப் பிரித்து முறைவழிகளை அவற்றோடு பிணைக்கும் கட்டளை இடம்பெற்றது. தொகுதிக்குள் அடங்கிய முறைவழியாக்கி, அத்தொகுதியோடு பிணைக்கப்பட்ட முறைவழிகளை மாத்திரமே ஏற்கும். எத்தொகுதியிலும் சேராத முறைவழியாக்கி ஒன்றாவது எஞ்சியிருக்கவேண்டும் என்பது விதி. பொதுமக்களுக்கு ஒரு பொதுக்கிணறாவது இருக்கட்டும் என்பது போன்ற கருணை. தொகுதிக்குள் உள்ளவை உறங்கிக்கிடக்க, வெளியே வரிசை வளர்ந்துகொண்டே போனாலும், வெளியில் நிற்பது உள்ளே போகமுடியாது.

இதனால் விளையும் நட்டம் எத்தகையது என்பதைக் கணிப்பதற்குக் கணனி விஞ்ஞானம் வேண்டியதில்லை. டென்மார்க்கில் கோப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியில் பணியாற்றிய ஏ. கே. ஏர்லாங் 1909, 1917 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளின் வழிவந்த வரிசைக் கோட்பாடு இதற்குப் போதுமானது. இரு முறைவழியாக்கிகள் உள்ளன. ஒவ்வொன்றும் தன் நேரத்தில் 80 வீதம் ஈடுபட்டிருக்கும் அளவுக்கு வேலைகள் வருகின்றன. வருகையும் வேலையின் நீளமும் எழுந்தமானமாக அமைந்தவை எனக் கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை வைத்தால், ஒரு வேலை தன் முறை வரும்வரை காத்திருக்கும் சராசரி நேரம் சராசரி வேலையொன்றின் நீளத்தைப்போல் 4 மடங்கு. இரண்டுக்கும் பொது வரிசை வைத்தால் அது ஏறத்தாழ 1.8 மடங்கு. பொறி கூடவில்லை, வேலை குறையவில்லை, எவரும் விரைந்து உழைக்கவில்லை; நடுவே நின்ற வேலி மாத்திரம் அகன்றது. தபாற் கந்தோரில் ஒரு யன்னலில் எழுத்தர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க, அடுத்த யன்னலில் வரிசை வாசலைத் தாண்டி நிற்பதைக் கண்டவர் எவருக்கும் இக்கணக்கு வியப்பளிக்காது.

வேலியின் பக்கத்து வாதங்களுள் ஒன்று வலுவானது. அதனை ஒளிப்பது நேர்மையாகாது. முறைவழியாக்கி ஒவ்வொன்றும் தான் அண்மையிற் கையாண்ட தரவைத் தன்னருகே பதுக்கு நினைவகத்தில் வைத்திருக்கும். முறைவழியொன்று இடம்மாறினால் அச்சேமிப்பை இழந்து, புதிய இடத்தில் மீண்டும் ஒவ்வொன்றாகத் தருவிக்க நேரும். அடிக்கடி இடம்மாற்றுவது பொறியை மந்தமாக்கும் என்பது மெய். பொது வரிசை ஒன்றே இருக்குமாயின், அவ்வரிசையைத் தொடுவதற்கே முறைவழியாக்கிகள் ஒன்றோடொன்று போட்டியிடும் என்பதும் மெய். இக்காரணங்களால் இன்றைய முறைமைகள் பல முறைவழியாக்கிக்கு ஒரு வரிசை வைத்து, அவ்வப்போது வரிசைகளைச் சமப்படுத்துகின்றன. ஆனால் இவ்வாதம் நிறுவுவது என்ன? பழகிய இடத்தில் இருப்பது நன்று என்பதையே. பழகிய இடத்தில் நெருக்கடியும் பக்கத்தில் வெறுமையும் இருக்கும்போதும் அசையக்கூடாது என்பதனை அது நிறுவவில்லை. பதுக்கு நினைவகத்தை மீள நிரப்பும் நேரம் பெரும்பாலும் மில்லிசெக்கன்களுக்குள் அடங்குவது. அதற்காகச் செக்கன் கணக்கிற் காத்திருப்பது, பேருந்துக் கட்டணத்தை மிச்சப்படுத்த ஒரு நாட்சம்பளத்தை இழப்பதற்கு ஒப்பானது. விருப்பத்தை விதியாக்கியதே வேலிக்காரர் செய்த திரிபு.

யாழ்ப்பாணத்து வேலிகளை அறிந்தோர், நட்ட கதியால் வேர்விட்டுத் துளிர்த்து, ஈற்றில் அதுவே எல்லைக்குச் சாட்சியாகிவிடுவதையும் அறிவர். கணனியிலும் நிகழ்ந்தது அதுவே. வேகத்துக்காக நடப்பட்ட கதியால், உடைமைக்குச் சாட்சியாயிற்று. தரவுத்தள மென்பொருளின் விலை பல சந்தர்ப்பங்களில் அஃது இயங்கும் முறைவழியாக்கிகளின் தொகைக்கேற்ப அறவிடப்படுகின்றது. ஒறக்கிள் நிறுவனத்தின் கொள்கை ஏடு, பிரிப்பை 'வன்பிரிப்பு', 'மென்பிரிப்பு' என இரு வகையாக்கி, முன்னையதை மாத்திரமே கட்டணத்தைக் குறைப்பதற்கான ஆதாரமாக ஏற்கின்றது. அதாவது, எளிதில் அசையக்கூடிய வேலி வேலியாகாது. அசையாத வேலிக்கே சலுகை. பொறியை நன்கு பயன்படுத்தும் வழி எதுவோ அதற்குத் தண்டமும், வீணாக்கும் வழிக்குத் தள்ளுபடியும் விதிக்கப்படுகின்றன. இதன் பின்னரும் குழுப்பிரிப்பு முற்றிலும் தொழினுட்ப விவகாரமே என்று சாதிப்பவர், அந்த ஏட்டை ஒருமுறை வாசிப்பது நலம்.

உடைமை நோக்கம் கூட இல்லாமல், வெறும் பழஞ்சொற்களின் அகலத்தினால் எழுந்த வேலியும் உண்டு. மைக்குரோசொவ்ற் நிறுவனத்தின் விண்டோஸ் முறைமை, ஒரு முறைவழி எந்தெந்த முறைவழியாக்கிகளில் இயங்கலாம் என்பதை ஒரேயொரு எண்ணிற் குறித்துவந்தது. எண்ணின் ஒவ்வொரு பிற்றும் ஒரு முறைவழியாக்கியைச் சுட்டும். 32 பிற் முறைமையில் 32 முறைவழியாக்கிகள், 64 பிற் முறைமையில் 64 என்பதே எல்லை. பொறிகள் 64ஐத் தாண்டியபோது, 2009இல் வெளிவந்த விண்டோஸ் 7, விண்டோஸ் சேர்வர் 2008 ஆர்2 ஆகியவற்றில், முறைவழியாக்கிகளை 64க்கு மேற்படாத குழுக்களாகப் பிரிக்கும் ஏற்பாடு புகுத்தப்பட்டது. விசேடமாக எழுதப்படாத முறைவழி ஒரு குழுவுக்குள்ளேயே அடங்கிக்கிடக்கும். 2020இல் ஏ.எம்.டி. நிறுவனம் 64 கோர்களையும் 128 தருக்க முறைவழியாக்கிகளையும் கொண்ட திரெட்றிப்பர் 3990எக்ஸ் சில்லை வெளியிட்டபோது, அதனைப் பெரும் பணம் கொடுத்து வாங்கியவர்களின் நிகழ்ச்சித்திட்டங்கள் பல அதன் பாதியையே கண்டன. சில்லுக்குள் அப்படியொரு எல்லை இல்லை. எல்லை இருந்தது எண்ணின் அகலத்தில். விண்டோஸ் 11, விண்டோஸ் சேர்வர் 2022 ஆகியவற்றில் முறைவழிகள் எல்லாக் குழுக்களிலும் பரவி இயங்குவதே இயல்புநிலையாக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் இயற்கை நியதி போல இருந்த வேலி, வேண்டும்போது அகற்றக்கூடியதே என்பது இதனாற் பெறப்படும்.

கைத்தொலைபேசி வைத்திருப்போர்க்கும் இவ்விவகாரத்திற் பங்குண்டு. 2011இல் ஆம் நிறுவனம் அறிமுகப்படுத்திய அமைப்பில், வலிய முறைவழியாக்கிகள் ஒரு கொத்தாகவும், மின்னைச் சிக்கனமாகச் செலவிடும் சிறியவை மற்றொரு கொத்தாகவும் ஒரே சில்லில் அமைந்தன. இப்பிரிவு மின்கலத்தின் வரையறையினின்று எழுந்தது, நியாயமானது. ஆனால் 2013இல் சம்சுங் வெளியிட்ட எக்ஸினொஸ் 5 ஒக்ரா என்னும் முதற் சில்லில், எட்டு முறைவழியாக்கிகள் இருந்தும் ஒரு வேளையில் ஒரு கொத்தே இயங்கியது. பெயரில் எட்டு, உழைப்பில் நான்கு. பின்வந்த சில்லுகளில் எட்டும் சேர்ந்தியங்கும் வகை செய்யப்பட்டபோதுதான் அப்பெயர் மெய்யாயிற்று. அண்ட்ரொயிட் முறைமையும் திரையிற் தோன்றும் செயலியையும் பின்னணியில் இயங்குவனவற்றையும் வெவ்வேறு முறைவழியாக்கிக் குழுக்களுக்கு ஒதுக்குகின்றது. திரைக்கு வந்ததும் முறைவழி குழு மாறும். அவ்வகையில் இது வேலியிலும் பார்க்கப் படலைக்கே அண்மையானது.

இனி, இவ்விவாதத்தின் நடுவிடத்துக்கு வரலாம். லினக்ஸ் முறைமையைத் தோற்றுவித்த லினஸ் ரோர்வால்ட்ஸ், முறைவழிகளைப் பகிர்ந்தளிப்பது இலகுவான காரியம் என்ற பொருள்பட 2001இல் எழுதினார். அவர் அவ்வாறு எழுதியபோது பெரும்பாலான பொறிகளில் ஒன்றோ இரண்டோ முறைவழியாக்கிகளே இருந்தன. ஆயினும் அந்தத் தன்னம்பிக்கை அவரோடு நிற்கவில்லை. ஒரு தலைமுறையின் மனோபாவமாயிற்று. 2016இல் லோசி, லெப்பேர்ஸ், ஃபெடொறோவா முதலிய ஆய்வாளர் அறுவர் யூறோசிஸ் மாநாட்டிற் சமர்ப்பித்த ஆய்வு, இம்மனோபாவத்தின் விலையை அளந்து காட்டியது. பத்தாண்டு காலமாக முறைவழியாக்கிகள் வீணாக்கப்பட்டன என்பதே அதன் தலைப்பின் பொருள். வேலை வரிசையில் நிற்கும்போது முறைவழியாக்கி சும்மா இருத்தல் கூடாது என்னும் மிக எளிய விதி, உலகெங்கும் பயன்படும் அம்முறைமையில் மீறப்பட்டுக்கொண்டிருந்தது. அதுவும் சில வேளைகளிற் செக்கன் கணக்கில். அவர்கள் கண்ட நான்கு குறைபாடுகளுள் மூன்று, முறைவழியாக்கிகளைக் குழுப்படுத்தும் முறையினின்று எழுந்தவை.

முதலாவது குறைபாடு சராசரியின் குற்றம். ஆய்வாளர் பயன்படுத்திய பொறியில் 64 முறைவழியாக்கிகள், எட்டெட்டாக எட்டுக் கொத்துக்களில் இருந்தன. ஒரு கொத்து இன்னொரு கொத்திலிருந்து வேலையை எடுக்கலாமா என்பதைத் தீர்மானிக்க, லினக்ஸ் இரண்டின் சராசரிச் சுமையையும் ஒப்பிட்டது. 64 இழைகளாகப் பிரிந்து இயங்கும் நிகழ்ச்சித்திட்டம் ஒன்றும், தனித்தனி இழையாக இயங்கும் புள்ளிவிபர நிகழ்ச்சித்திட்டங்கள் இரண்டும் ஒருங்கே இயக்கப்பட்டன. பயனாளரிடையே சமத்துவம் பேணும் நோக்கோடு, ஒவ்வொரு நிகழ்ச்சித்திட்டத்தின் நிறையும் அதன் இழைகளுக்கிடையே பகுக்கப்பட்டது. ஆகவே தனி இழை மிகக் கனமானதாகவும், 64இல் ஒன்று மிக இலேசானதாகவும் கணக்கிடப்பட்டன. விளைவு யாதெனில், கனமான இழை ஒன்று வந்திருந்த கொத்தில் ஏனைய முறைவழியாக்கிகள் வெறுமையாக இருந்தபோதும், அக்கொத்தின் சராசரி உயர்ந்தே காணப்பட்டது. சும்மா இருந்தவை, தம் கொத்துப் போதிய அளவு உழைக்கின்றது என்ற கணக்கை நம்பி, அயலிலே திணறிக்கொண்டிருந்த வரிசைகளைத் தொடாதிருந்தன. ஒரு செல்வந்தன் குடியேறியதும் ஊரின் சராசரி வருமானம் உயர்ந்துவிட, அவ்வூர் வறியோர்க்குரிய நிவாரணம் நிறுத்தப்படுவதைப் பொருளியல் மாணவர் அறிவர். இங்கு வறுமைக்குப் பதில் வெறுமை; பிழை ஒன்றே. ஆய்வாளர் செய்த திருத்தமும் கவனிக்கத்தக்கது. அவர்கள் சராசரிகளை விடுத்து, ஒவ்வொரு கொத்திலும் மிகக் குறைந்த சுமையை ஒப்பிட்டனர். யாரேனும் சும்மா இருக்கின்றாரா என்பதை அறிய வேண்டுமாயின், சும்மா இருப்பவரையே பார்க்கவேண்டும் என்பது எவ்வளவு எளிய உண்மை! ஒரு விஞ்ஞானக் கணிப்பு நிகழ்ச்சித்திட்டம் இத்திருத்தத்தால் 13 மடங்கு விரைவடைந்தது.

இரண்டாவது குறைபாடு நோக்குநிலையின் குற்றம். கொத்துக்கள் ஒன்றுக்கொன்று அண்மையிலும் சேய்மையிலும் இருப்பதால், அயற்கொத்துக்களைச் சேர்த்துப் பெருங்குழுக்கள் அமைக்கப்படுகின்றன. அப்பெருங்குழுக்கள் யாவும் பூச்சிய இலக்கமிட்ட முதலாவது முறைவழியாக்கியின் இடத்திலிருந்து பார்த்து வகுக்கப்பட்டன. அதற்கு அயலாயிருந்தவை எல்லார்க்கும் அயலாகக் கொள்ளப்பட்டன. இதனால், உண்மையில் ஒன்றுக்கொன்று சேய்மையிலிருந்த இரு கொத்துக்கள் எல்லாக் குழுக்களிலும் சேர்ந்தே இடம்பெற்றன. அவ்விரு கொத்துக்களுக்கும் ஒரு நிகழ்ச்சித்திட்டத்தைக் கட்டிவைத்தால், அதன் இழைகள் யாவும் பிறந்த கொத்திலேயே நெருக்குண்டு கிடந்தன. மற்றைய கொத்து வெறுமையாயிற்று. ஒப்பிடப்படும் குழுக்கள் இரண்டிலும் இரு கொத்துக்களும் இருப்பதால், வேறுபாடு எதுவும் தென்படவில்லை. பாதிப் பொறியை இழந்தால் வேகம் பாதியாகும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் ஒரு நிகழ்ச்சித்திட்டம் 27 மடங்கு மந்தமாயிற்று. காரணம், ஊஸ்ரர்ஹவுற் 1982இலேயே சொன்னதுதான்: கூட்டாக உழைப்பவற்றுள் ஒன்று ஏறியிருக்க மற்றையது வரிசையில் நின்றதால், ஏறியிருந்தது சுழன்று சுழன்று காத்திருந்தது. தலைநகரில் நின்றுகொண்டு மாகாணங்களின் அயலுறவை வரைவோரின் வழக்கம் சிலிக்கனிலும் நுழைந்துவிட்டது போலும்.

மூன்றாவது குறைபாடு விரிவாக விளக்கத்தக்கதன்று, வெறும் கவனயீனம். முறைவழியாக்கி ஒன்றை நிறுத்தி மீண்டும் இயக்கினால், கொத்துக்களைக் கடந்து சமப்படுத்தும் குழு மீளக் கட்டப்படவேண்டும். நிகழ்ச்சித்திட்டத்தை ஒழுங்குபடுத்தி எழுதியபோது அதற்கான அழைப்பு விடுபட்டுப்போயிற்று. அதன்பின் இழைகள் பிறந்த கொத்தை விட்டு வெளியேறவே இல்லை. அதிகூடிய பாதிப்பு 138 மடங்கு.

இவற்றைக் காட்டி, குழுப்பிரிப்பு எழுதியோரின் பிழைகளே இவை, குழுப்பிரிப்பின் பிழைகள் அல்ல என்று சமாதானம் சொல்வார் உளர். அச்சமாதானம் பொருந்தாது. பொது வரிசையிற் பிழை நேர்ந்தால் வரிசை நிற்கும், எல்லோர்க்கும் தெரியும். குழுவுக்குள் பிழை நேர்ந்தால் பொறி இயங்கிக்கொண்டே இருக்கும். விடையும் சரியாகவே வரும். பிந்தி வரும், அவ்வளவே. பிந்தியது பொறியின் குற்றமா, வேலையின் பாரமா என்பதை வெளியே நிற்பவர் அறியார். புதிய பொறி வாங்குமாறு அவருக்கு ஆலோசனை கூறப்படும். வேலி தன் நட்டத்தைத் தானே மறைக்கும் தன்மையது என்பதே அதற்கெதிரான முதன்மைக் குற்றச்சாட்டு.

தனித்தனிக் குழுக்களே பாதுகாப்பு என்ற வாதத்துக்கு, முறைவழியாக்கி மட்டத்திலன்றி முழுக் கணனிகளின் மட்டத்தில், கூகிள் நிறுவனத்தின் சொந்தக் கணக்கே விடையளிக்கின்றது. உடனடி விடை வேண்டிய வேலைகளையும் ஆறுதலாகச் செய்யக்கூடிய வேலைகளையும் அந்நிறுவனத்தின் போர்க் என்னும் முறைமை ஒரே கணனிகளிற் கலந்து இயக்குகின்றது. இவ்விரண்டையும் வேறுபடுத்தித் தனித்தனிக் கணனிகளில் வைத்தால், நடுத்தரமான ஒரு தொகுதிக்கு 20 முதல் 30 வீதம் மேலதிகக் கணனிகள் வேண்டியிருக்கும் என 2015இல் வெளியான அதன் ஆய்வு கணித்தது. கலந்தால் அவசர வேலை பாதிக்கப்படுமே என்னும் அச்சம் உண்மையானது. ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகமும் கூகிளும் சேர்ந்து அதே ஆண்டில் வெளியிட்ட ஹெறாக்கிளீஸ் என்னும் முறைமை அவ்வச்சத்துக்கு விடை தேடியது. அதுவும் முறைவழியாக்கிகளைப் பிரிக்கத்தான் செய்தது. ஆனால் அவசர வேலையின் தாமதத்தை இடைவிடாது அளந்து, தாமதம் கூடினால் அதன் பக்கம் முறைவழியாக்கிகளைக் கூட்டியும், குறைந்தால் மற்றதன் பக்கம் விட்டுக்கொடுத்தும் எல்லையை நகர்த்திக்கொண்டே இருந்தது. தாமத வரம்பு மீறப்படாமலே பொறிகள் சராசரியாக 90 வீதம் பயன்படுத்தப்பட்டன. சன் நிறுவனமும் 2005இல் வெளியிட்ட சொலாறிஸ் 10இல், தொகுதியின் அளவைத் தேவைக்கேற்பத் தானே மாற்றும் ஏற்பாட்டைச் சேர்த்திருந்தது. வேலியை நட்டவர்களே அதனை அசைக்க வேண்டியவர்களாயினர். அசையாத வேலியை இன்றும் ஆதரித்துப் பேசுவோர், நட்டவர்களை விடவும் பழமையாளர்.

கணனி நடுநிலையானது, அது தனக்கு இடப்பட்டதையே செய்கின்றது என்னும் கடைசி அரண் ஒன்று எஞ்சியுள்ளது. இடப்பட்டதையே செய்கின்றது என்பது மெய். இட்டது யார் என்பதுதான் கேள்வி. சராசரியை அளவுகோலாக்கியது பொறியன்று. பூச்சிய முறைவழியாக்கியின் இடத்தை உலகின் நடுவாக்கியதும் பொறியன்று. 2016ஆம் ஆண்டு ஆய்வாளர் அறுவரும், இக்குறைபாடுகளை வழக்கமான கருவிகள் காட்டாமையால், தாமே ஒரு சோதனைக் கருவியை எழுதவேண்டியிருந்தது. அது செய்வது சிறிய காரியம்: எங்கேனும் ஒரு முறைவழியாக்கி சும்மா இருக்க, வேறெங்கேனும் வரிசையில் வேலை காத்து நிற்கின்றதா என்று குறித்த கால இடைவெளியிற் பார்க்கும், அந்நிலை சிறிது நேரம் நீடித்தால் அறிவிக்கும். பொறியின் வேகத்தை அது கவனிக்கத்தக்க அளவுக்குக் குறைப்பதுமில்லை. முறைவழியாக்கிகளைக் குழுப்பிரித்து வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும், கணனிக்கூடமும் முதலில் இக்கேள்வியைத் தன் பொறியிடம் கேட்கட்டும். கிடைக்கும் விடையை, அப்பொறியின் வரிசையிற் காத்து நிற்பவர்களும் பார்க்கக்கூடிய இடத்தில் எழுதி ஒட்டட்டும்.